பாட்டு முடிந்தால்தான் திரை

ஜனவரி 20, வெள்ளி

மதுரை. மாடி வீடு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதைத் தவிர இந்த வீட்டுக்கு வேறு சிறப்பு இல்லை. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

அம்மாவின் கட்டிலைச் சன்னலுக்கு அடியில் போட்டோம். பிறகு விசிறிக்கு அடியில். பிறகு மறுபடியும் சன்னலுக்கு அடியில்.

அப்பா மொட்டை மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்து, "கொண்டல்" என்றார். கீழ்க்காற்று. எங்கள் ஊர் புன்னைத்துறையில் என்றால் அந்தச் சொல்லைக் கேட்டு நாலு பேர் வலையை எடுப்பார்கள், நாலு பேர் வலையை வைப்பார்கள். இங்கே துணி காயும்.

நாளை ஊருக்குப் போகிறேன். பங்கு இளைஞர் இயக்கக் கூட்டம்.

ஜனவரி 22, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் ததேயுஸ் கூப்பிட்டார்.

"குடும்பமே மதுரைக்குப் போயிட்டு. நீ அங்கன இருந்துகிட்டு இங்க எப்படிப்பா தலைவரா இருப்ப? ஜூடு பாத்துக்கிடட்டுமே."

"சனி, ஞாயிறு வந்துருவேன் ஃபாதர்."

"அம்மாவ யாரு பாப்பா?"

"தங்கச்சி இருக்கா."

ஜூடு பக்கத்தில்தான் நின்றான். ஐ.டி.ஐ. முடித்தவன். மேடை, விளக்கு, வயர் எல்லாம் அவன் கை. "அண்ணன் இருக்கட்டும் ஃபாதர். அண்ணன் இல்லாம பாஸ்கா ஆவாது" என்றான்.

உண்மைதான். பெரிய வெள்ளி மாலை பாஸ்கா நாடகம். ஆண்டவர் பிடிபடுவதிலிருந்து கல்லறையில் வைப்பது வரை எல்லாம் எங்கள் பொறுப்பு. இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது கோவில்பட்டியில் மழை.

பிப்ரவரி 4, சனி

வேஷம் பிரித்தோம்.

ஆன்றோ இயேசு. தை பிறந்ததிலிருந்தே தாடி வளர்க்கிறான். அவன் வேலை பார்க்கும் படகின் முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம்: "ஆண்டவருக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்டே. வலைய இழுன்னா கைய விரிச்சுட்டு நிக்கான்."

யூதாசுக்கு ஆள் இல்லை. கல்யாணம் ஆகாதவன் யூதாஸ் வேஷம் போட்டால் இந்தக் கடற்கரையில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் ஜூடுவின் மச்சான் ஒத்துக்கொண்டார். "எனக்குத்தான் குடுத்தாச்சே. இனிமே திருப்பியா வாங்கப் போறாவ?"

மாதா, ஷெரின். பிளஸ் டூ படிக்கிறாள். எதற்கும் சிரிப்பு வந்துவிடும்.

"அண்ணே, பாட்டு அத்தைதான பாடுவாவ? நான் வாய மட்டும்தான அசைக்கணும்?" என்று கேட்டாள்.

மேடையில் யார் மாதாவாக உட்கார்ந்தாலும் புலம்பல் பாட்டு அம்மாவுடையது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. திரைக்குப் பின்னால் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடுவாள்.

ஆன்றோ தாடியைச் சொறிந்தான்.

"பாக்கலாம்" என்றேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. மார்பில் தொடங்கிய புற்று அங்கே போயிருக்கிறது. ஊசி போட்டு எடுத்தார்கள். தேநீரின் நிறம்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

தங்கச்சி டெல்மா கோயிலுக்குப் போய்ச் சாம்பலைத் தாளில் மடித்து வாங்கி வந்தாள். அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு அப்பாவுக்கு. எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

அம்மா இப்போது பேசும்போது நடுவில் நிற்கிறாள். "தண்ணி." நிறுத்தம். "கொஞ்சம்." நிறுத்தம். "ஆறட்டும்." ஒரு வாக்கியத்தை மூன்று வீடுகளில் குடிவைப்பது போல.

இந்த உவமையை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 25, சனி

புலம்பலை எடுத்துவிட்டேன்.

காரணம் எளிது. மூன்று மணி நேரம் சாட்டையும் சத்தமும். அதற்குப் பிறகு ஒரு பாட்டு எதற்கு? துக்கத்துக்கு ராகம் போட்டால் அது துக்கமாக இருப்பதில்லை, கச்சேரியாகிவிடுகிறது. அமைதி போதும். முதுகலையில் இரண்டு ஆண்டு படித்ததில் எனக்குத் தேறியது இந்த ஒன்றுதான்: வெட்டத் தெரிய வேண்டும்.

ஒத்திகைக் கூடத்தில் சொன்னேன். "மாதா பாட மாட்டாங்க. மகன மடியில கிடத்திட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. வெளிச்சம் மெல்ல மெல்ல அணையும்."

"அழக்கூட வேண்டாமாண்ணே?" என்றாள் ஷெரின்.

"வேண்டாம்."

கூடத்தைப் பெருக்க வந்த மரியசெல்வம் அக்கா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"மாதா அழாம என்ன பாஸ்கா? வருசம் பூரா அடக்கி வச்சுகிட்டு அந்த ஒரு நாளுதான் தம்பி நாங்களும் வாய்விட்டு அழுவுதோம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாவ. அதையும் புடுங்குதியே."

"நாடகத்துக்கு அதுதான்க்கா நல்லாருக்கும்."

"நாடகத்துக்கு" என்றார். பெருக்கத் தொடங்கினார். என் காலடியைச் சுற்றிக்கொண்டு பெருக்கினார்.

மார்ச் 1, புதன்

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமலே விட்டிருக்கலாம். யாராவது சொல்லிவிடுவார்கள்.

விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

"சரி. உன் இஷ்டம் மக்கா." நிறுத்தம். "ஆனா திரைய எப்ப போடுவ?"

"என்னது?"

"பாட்டு முடிஞ்சாத்தான் திரை. பாட்டு இல்லன்னா." நிறுத்தம். "கயிறு பிடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

கயிறு பிடிக்கிறவன் நான்தான். ஏழாம் வகுப்பிலிருந்து. பாட்டின் கடைசி வரி முடிந்ததும் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைப்பாள், நான் கயிற்றை விடுவேன். இருட்டில் அவள் தலையசைப்பது மட்டும் எப்படியோ தெரியும்.

"வெளிச்சம் அணைஞ்சதும் போட்டுருவேன்" என்றேன்.

"ஆமா. இப்ப லைட்டெல்லாம் இருக்குல்லா" என்றாள்.

மார்ச் 5, ஞாயிறு

பஸ் தாமதம். நான் வரும்போது அம்மா தூங்கிவிட்டாள். டெல்மா கதவைத் திறந்துவிட்டு நேராக அடுக்களைக்குப் போனாள்.

"நேத்து சாயங்காலம் ரொம்ப மூச்சு வாங்கிட்டு. பேசிப் பேசி."

"யார்ட்ட பேசினா?"

"ஊர்க்காரங்ககிட்டதான். ஃபோன்ல."

"பேச விடாத டெல்மா. டாக்டர் சொன்னாருல்லா."

"நீ இருந்து சொல்லு" என்றாள்.

தோசை வைத்தாள். ஒரு தோசை கருகியிருந்தது. அதைத்தான் முதலில் வைத்தாள்.

மார்ச் 11, சனி

சிலுவை சுமக்கும் காட்சி. படைவீரர்கள் எங்கே திரும்ப வேண்டும், எங்கே சாட்டை விழ வேண்டும் என்று சாக்பீஸால் தரையில் குறிக்கக் குனிந்தேன். அதற்குள் திரும்பிவிட்டார்கள். சரியான இடத்தில்.

"வாரத்துல சும்மா ரெண்டு நாள் பாத்தோம்ணே" என்றான் ஜூடு. மன்னிப்புக் கேட்பது போல.

"நல்லது."

சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஆன்றோ விழும் இடத்தை அரை அடி தள்ளிவைக்கச் சொன்னேன். தள்ளிவைத்தார்கள். முன்பு விழுந்த இடமே நன்றாக இருந்தது.

ஷெரின் இன்றும் தாமதம். மூன்று மணிக்கு வரச் சொன்னால் நாலரைக்கு வருகிறாள். போன வாரமும் இதே கதை. எல்லார் முன்னாலும் திட்டினேன். நான் மதுரையிலிருந்து வருகிறேன், நீ மாதா தெருவிலிருந்து வர முடியாதா என்று கேட்டேன்.

"டியூசன்ணே" என்றாள்.

ஜூடு வாயைத் திறந்தான். மூடினான்.

மார்ச் 14, செவ்வாய்

தெருவில் மீன் வண்டி. அப்பா இறங்கிப் போய் ஒரு பாறை மீனைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். செவுளைப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"ஏன் பெரியவரே, வேணாமா?"

"கடல்ல ஒரு தடவ செத்துட்டு. ஐஸ்ல ரெண்டாந்தடவ செத்திருக்கு. நாங்க வேற எதுக்கு."

மேலே வந்ததும் அம்மாவிடம் அதையே சொல்லிக் காட்டினார். அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க நேரமானது.

நான் வேலை பார்க்கும் டுடோரியலில் விடைத்தாள் திருத்துவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனேன். திருத்தவும் செய்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

டெல்மாவோடு சண்டை. படிக்கட்டில், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று மெல்லிய குரலில். மெல்லிய குரலில் சண்டை போடுவது கஷ்டம்.

"ஒரே ஒரு சனிக்கிழமை நீ இரிண்ணே. நான் ஒண்ணும் ஊர்சுத்தப் போகல. தூங்கணும். அவ்வளவுதான்."

"அடுத்த வாரம் படைவீரர் உடுப்பு தைக்கக் குடுக்கணும்."

"ஜூடுக்குத் துணிக்கடை தெரியாதா?"

"அது அப்படி இல்ல டெல்மா. நான் பொறுப்பெடுத்திருக்கேன்."

"ஊருக்குத் தலைவரு" என்றாள். "வீட்டுக்கு விருந்தாளி."

இந்த ஆண்டு கல்லூரியை விட்டது அவள்தான், நான் அல்ல. அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவள் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 25, சனி

போனேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

காலையில் ஊரில் பவனி. குருத்தோலையில் சிலுவை பின்னிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். கைக்குள் வைத்துக்கொண்டாள். கை மெலிந்துவிட்டதால் ஓலை பெரிதாகத் தெரிகிறது.

"ஷெரின் எப்படிச் செய்யுதா?"

"நல்லாச் செய்யுதா. சிரிப்ப அடக்கிட்டா."

"நேரத்துக்கு." நிறுத்தம். "வாராளா?"

"எங்க? சனிக்கிழமை ஆனா லேட்டு. எவ்வளவு திட்டினாலும் அப்படித்தான்."

அம்மா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வலியோ என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்ல" என்றாள். "திட்டாத."

ஏப்ரல் 4, செவ்வாய்

ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளியைப் போல நிற்கிறது. டெல்மாவின் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நாளைக் காலை கிளம்புகிறேன் என்றேன். நாளை உடுப்போடு ஒத்திகை. வியாழன் பாதம் கழுவும் சடங்கு, பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். வெள்ளி பாஸ்கா.

அம்மா முகமூடியை விலக்கினாள்.

"வெள்ளிக்கிழம காலைல." நிறுத்தம். "போனா ஆவாதாலே?"

இந்தப் பத்து வாரத்தில் நான் போவதைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"ஒத்திகை இருக்கும்மா. நான் இல்லன்னா குழம்பிருவானுவ."

"ஆமா" என்றாள். "நீ இல்லாம எப்படி."

முகமூடியை அவளே மாட்டிக்கொண்டாள். டெல்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

ஏப்ரல் 5, புதன்

புன்னைத்துறை. ஜூடு எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கிறான். மேடை, விளக்கு, ஈட்டிகள், ஏரோதுவின் நாற்காலி. உடுப்போடு ஒத்திகை ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. யாரும் குழம்பவில்லை.

எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. தெர்மாகோலில் செய்த கல்லறைக் கதவுக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். காய்ந்ததும் இன்னொரு முறை அடித்தேன்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

ஃபாதர் என் வலது காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. காலை இழுத்துக்கொள்ள முடியாது. அவர் துடைத்து, குனிந்து முத்தமிட்டு, அடுத்தவரிடம் போனார்.

அம்மா.

ஏப்ரல் 8, சனி

நேற்றை எழுதிவிட வேண்டும். நாளை எழுதினால் வேறொன்றாக எழுதிவிடுவேன்.

அம்மாவைப் புன்னைத்துறைக்கே கொண்டு வந்தார்கள். அப்பா வேறெதையும் பேசவே விடவில்லையாம். ஆம்புலன்சில் முன்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ஓட்டுநருக்கு வழி தெரியும்.

பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு உயிர்ப்பு வரை கோயில் மணி அடிக்கக் கூடாது. துக்க மணியும் கூடாது. யாருக்காகவும் கூடாது. அதனால் ஜூடுவும் ஆன்றோவும் சிலுவைப்பாதைக்குக் கூப்பிடும் மரத் தட்டையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். பலகையில் கட்டை மோதும் சத்தம். டொக், டொக், டொக். சிலுவைப்பாதைக்குத்தான் நேரமாகிவிட்டது என்று நினைத்துப் பெண்கள் முக்காட்டோடும் செபமாலையோடும் ஓடி வந்தார்கள். கோயில் முற்றம் நிறைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் திரும்பி உள்ளே வந்தபோது ஊர் முழுக்க ஏற்கெனவே அங்கே நின்றது.

மரியசெல்வம் அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது.

பூசை கிடையாது. செபம் மட்டும். உச்சிக்கு முன் அடக்கம் முடிந்தது. மணலில் தோண்டுவது சுலபம், மூடுவதும்.

ஃபாதர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்காவ உயிர்ப்புக்கு அப்புறம் வச்சுக்கிடுவோம். பிள்ளைங்களுக்கும் மனசு சரியில்ல" என்றார்.

"நடத்துங்க சாமி" என்றார் அப்பா. "அவ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்து முடிச்சுட்டுதான் போயிருக்கா."

எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன். அப்பா டெல்மாவைப் பார்த்தார்.

டெல்மா கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். தூங்காத கண்.

"ஷெரினுக்கு. சனிக்கிழமை மூணு மணிக்கு அவ ஃபோன் பண்ணுவா. அம்மா ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவா. ஒரு வரி பாடிக் காட்டுவா, மூச்சு வாங்குவா. அவ திருப்பிப் பாடுவா. மறுபடி அடுத்த வரி. ஒன்றரை மணி நேரம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் பாட்ட எடுத்துட்டல்லா. கோவிச்சுக்கிடுவான், சொல்லாதீங்கன்னு அம்மாதான் சொன்னா. 'மேடையில வச்சு அவன் என்ன செய்வான், திரைய போடுறதுக்கு முன்னாடி பாடிரு'ன்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லிச் சிரிச்சா." காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "அதுபோக, யாரும் மறைக்கவெல்லாம் இல்லண்ணே. சனிக்கிழமை நீ வீட்ல இருந்தது இல்ல."

மாலையில் மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். வேறெங்கே நிற்பது? ஜூடு கயிற்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வழக்கமாக அம்மா மைக்கைப் பிடித்து நிற்கும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை. ஆணிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்கூடச் சுற்றிப் போனான்.

பிடித்தார்கள், கட்டினார்கள், அடித்தார்கள். அறைந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது. ஆன்றோவை இறக்கி ஷெரினின் மடியில் கிடத்தினார்கள். வெளிச்சம் குறைந்தது. முற்றத்தில் சத்தமே இல்லை. நான் கேட்டிருந்த அமைதி அதுதான். தாங்க முடியவில்லை.

அப்போது பாடத் தொடங்கினாள்.

"தொட்டிலிலே நீ உறங்கத் தூங்காமல் காத்திருந்தேன்..."

சின்னக் குரல். அம்மாவின் குரலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. முன்வரிசையில் மரியசெல்வம் அக்கா முதலில் விம்மினார். பிறகு ஒவ்வொருவராக. கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கட்டையிலே நீ உறங்கக் கையெட்ட"

நின்றுவிட்டது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது, இனி வராது, திரையைப் போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். கயிற்றை விட்டேன். திரை சரிந்து இறங்கியது. ஷெரினின் தலைக்கு மேல் வந்திருக்கும், ஜூடு பாய்ந்து என் கைக்கு மேல் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

"இன்னும் முடியலண்ணே."

"நின்னுட்டால்லா?"

"இல்லண்ணே. அங்க அப்படித்தான்."

மேடையில் அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. சிறிய, அவசரமான இழுப்பு.

"வில்லையே" என்றாள்.

அந்த இடத்தில் பாட்டில் நிறுத்தம் கிடையாது. எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் நின்று கேட்டவன் நான். அம்மா அந்த வரியை ஒரே மூச்சில் பாடுவாள். முடித்துவிட்டு, இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறது என்று காட்டுவது போல என்னைப் பார்த்துத் தலையசைப்பாள்.

அடுத்த வரியிலும் நின்றாள். அதற்கடுத்த வரியில் இரண்டு முறை. சொல்லின் நடுவில். அம்மா தண்ணீர் கேட்கும்போது நிறுத்துவாளே, அதே போல. அதே இழுப்போடு. அந்தப் பிள்ளைக்குப் பாட்டு எது, மூச்சு வாங்குவது எது என்று தெரியவில்லை. சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பாட்டு முடிந்ததா என்று எனக்குத் தெரியவே இல்லை. கயிற்றை ஜூடுவின் கையில் கொடுத்தேன். அவன்தான் திரையைப் போட்டான்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

மணி அடித்தது. அப்பா எழுந்து நின்றார். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றார்.

பூசைக்குப் பிறகு ஃபாதரிடம் சொன்னேன். ஜூடு பொறுப்பேற்கட்டும் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை. ஜூடு மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் செய்யலண்ணே" என்றான். குற்றம் சாட்டப்பட்டவனைப் போல.

"எல்லாம் நீதான் செஞ்ச" என்றேன்.

ஏப்ரல் 15, சனி

மதுரை. வீட்டைக் காலி செய்கிறோம். செவ்வாய்க்கிழமை புன்னைத்துறைக்கே திரும்புகிறோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க இனி காரணம் இல்லை. டெல்மா ஜூனில் கல்லூரிக்குத் திரும்புவாள். சிலிண்டரை எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் வட்டமாக ஒரு தடம்.

நான் எங்கும் போகவில்லை. டெல்மா காலையிலிருந்து தூங்குகிறாள். நடுவில் ஒருமுறை எழுந்து என்னைப் பார்த்து, "நீ ஊருக்குப் போகலியா?" என்றாள்.

"இல்ல."

திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அரிசி களைந்து வைத்தேன். பாத்திரம் கழுவினேன். அம்மாவின் இரண்டு சேலைகள் கொடியில் இருந்தன. மடித்தேன். சேலை மடிக்கத் தெரியவில்லை. அப்பா வந்து மறுமுனையைப் பிடித்தார்.

மதியம் ஜூடு கூப்பிட்டான். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிகிறதுகளாம். விளையாடும்போதும் கடற்கரையிலும்.

"ஷெரின் நிறுத்தின இடத்துலயெல்லாம் இதுகளும் நிறுத்துதுண்ணே. பாட்டுல அப்படி இல்லன்னு மரியசெல்வம் அக்கா சொல்லுதாவ. அடுத்த வருசத்துக்குள்ள திருத்திரவா?"

"வேண்டாம்."

"தப்பால்லா இருக்கு?"

"தப்புதான். இருக்கட்டும்."

மூன்று மணிக்கு அம்மாவின் ஃபோனை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். ஷெரின் உடனே எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. திரையில் யார் பெயர் வந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான்தான் ஷெரின்."

"சொல்லுங்கண்ணே."

"உன்ன லேட்டுன்னு திட்டினேன்லா."

"அது பரவாயில்லண்ணே."

"அந்தப் பாட்ட எனக்குச் சொல்லிக்குடு."

"உங்களுக்குத் தெரியும்லாண்ணே?"

"அம்மா உனக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி தெரியாது."

அவள் ஒரு வரி பாடினாள். நான் திருப்பிப் பாடினேன். எனக்குக் குரல் கிடையாது. அப்பா மொட்டை மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. இரண்டாவது வரியில், "கையெட்டவில்லை" வரை போய், நிறுத்தி மூச்சு விட்டேன்.

"அங்க இல்லண்ணே" என்றாள் ஷெரின். "அவ்வளவு தூரம் வர மாட்டாவ. இன்னும் முன்னாடியே நிறுத்திருவாவ."